குடி நோய்க்குக் கயிறா, கூட்டமா?

(தாம்பரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் நமது பிரசாரகர் ஒருவர் பேசியதன் சாரம்)



இன்று எனக்குக் குறிக்கப்பட்டிருக்கும் விஷயம் "மூடநம்பிக்கை" என்பதாகும். பிள்ளையாரைப் பற்றியும், பிதுர்லோகத்துக்குப் பார்சல் அனுப்புகிற திதி திவசத்தைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள். (சிரிப்பு) ஆகையால் வேறொரு மூடநம்பிக்கையைப் பற்றிப் பேச உத்தரவு கேட்டுக்கொள்ளுகிறேன். அது பக்தர்களிடத்திலும் இருக்கிறது. கருப்புச் சட்டை போட்ட நம்மிடத்திலும் இருக்கிறது. என்னிடத்தில் வெகுகாலம் இருந்தது. குடிகாரன் மனம் வைத்தால் குடியை விட்டுவிடலாம், விடாதவன் மானங்கெட்டவன் என்கிற நம்பிக்கைதான் அது.

இன்று மாலை ரயிலடியிலிருந்து இங்கே நடந்து வருகையில் சர்க்கார் மதுக்கடைச் சந்துக்கு எதிரில் ஒருவர் விழுந்து கிடந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பெண் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. ஓரமாக இழுத்துப் படுக்கவைக்கலாம் என்று கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, இன்னும் மெருகு போகாத புதுக் கயிறு. கூட வந்த தோழர், "குடியை நிறுத்தக் கோயிலில் கட்டுகிற கயிறு இது" என்றார். கயிறு கட்டிய பூசாரிக்குத் தட்சணை கிடைத்துவிட்டது. கடைக்கும் பணம் வந்துவிட்டது. அந்த மனிதனுக்குக் கிடைத்தது தார் ரோடு. நான் கோபித்துக்கொண்டது பூசாரி மேல் மட்டுமல்ல. அந்த மனிதனுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று யோசித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

என் வீட்டுச் சங்கதி

ஊரார் கதையைச் சொல்லுவதைவிட என் வீட்டுக் கதையைச் சொல்லுவதுதான் யோக்கியமானது. என் தங்கையின் கணவர், பெயின்ட் அடிக்கிற தொழிலாளி, நல்ல வேலைக்காரர். அவருடைய சம்மதத்தின் பேரில்தான் சொல்லுகிறேன். பெயரை மட்டும் கேட்காதீர்கள். முதலில் வாரக்கூலி வாங்குகிற சனிக்கிழமை மட்டும் குடித்தார். பிறகு தினமும். பிறகு காலையில் பல் விளக்குவதற்கு முன்பே கை நடுங்கும். நடுக்கம் நிற்க ஒரு மடக்கு வேண்டும். அது போகாமல் சாரத்தின் மேல் ஏறிப் பிரஷ் பிடிக்க முடியாது. அப்பொழுது நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு பேர் நடுவில் அவரை நிறுத்தி, "மாப்பிள்ளே, உமக்கு மானம் என்று ஒன்று இருந்தால் என்றைக்கோ விட்டிருப்பீர்" என்றேன். சுயமரியாதைப் பிரசாரகனாகிய நான் ஒரு மனிதனுடைய சுயமரியாதையைத் தெருவில் போட்டு மிதித்தேன். அன்றிரவு அவர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடித்துவிட்டு வந்தார் என்று தங்கை சொன்னாள்.

என் வழி இப்படியென்றால், வீட்டாரும் தங்களுக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் பார்த்தார்கள். சம்பந்தியம்மாள் அழைத்துப்போய்க் கயிறு கட்டினார். பதினோரு நாள் நின்றது. அப்புறம் "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம், ருசி இல்லை, மணம் இல்லை" என்று விளம்பரம் செய்கிற பொடி ஒன்றை என் தங்கை வாங்கினாள். தாய்மார்கள் இதைக் கவனமாய்க் கேட்கவேண்டும். டைசல்பிராம் என்று ஒரு மருந்து உண்டு. 1948ஆம் ஆண்டு வாக்கில் டென்மார்க் தேசத்தில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் அதைக் குடிநோய்க்குப் பயன்படுத்த வழி கண்டார்கள். அதைச் சாப்பிட்டவன் மேலே மதுவை ஊற்றினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில சமயம் உயிருக்கே வந்துவிடும். ஆகவே நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுக்கவே கூடாது என்பது வைத்திய விதி. பொடி விற்கிறவனோ உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லுவதில்லை. குழம்பில் அதைக் கலந்துவிட்டு, புருஷன் குடித்துவிட்டு வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணின் கதி என்னவென்று நினைத்துப் பாருங்கள்!

பொடியும் பலிக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே ரோசப்பட்டு, "இனித் தொட்டால் என் பேரை மாற்றிக் கூப்பிடு" என்று சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் ஒரு தரம் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். செத்துப்போன தாயாரோடு பேசினார். அக்கம்பக்கத்தார் "பேய்" என்று தீர்மானித்து, வேப்பிலைக்கும் பம்பைக்கும் ஆள் விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சூடம் எரிந்துகொண்டிருந்தது.

தோழர்களே, அது பேயல்ல. பல வருஷம் தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் மூளை நரம்புகள் தத்தளிக்கின்றன. 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம்; ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம்; இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாதது கண்ணில் தெரியும், காதில் கேட்கும். இந்தக் கட்டத்தில் வைத்தியம் இல்லாவிட்டால் சாவும் உண்டு. ஆஸ்பத்திரியில் அமைதி தரும் மருந்தும், தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போட்டால் பெரும்பாலோர் சில நாளில் தெளிகிறார்கள். எங்கள் வீட்டுப் "பேய்" அரசாங்க ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் தெளிந்து, இட்லி கேட்டது. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் இந்தத் தமிழ்நாட்டில் இந்த மூன்றாம் நாள் கூத்தில் வேப்பிலையால் அடிபட்டே செத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஆகவே, தினக்குடிகாரர் வீட்டில் யாரேனும் "நாளையிலிருந்து நிறுத்தப் போகிறேன்" என்றால், மெச்சிக்கொள்ளுங்கள். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் அறைக்குள் போட்டுப் பூட்டாதீர்கள்.

பூட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில், தர்கா மகிமையால் பைத்தியம் தெளியும் என்று சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களில் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. குடியால் வந்த மனக்கோளாறும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். அப்படியிருந்தும் "மறுவாழ்வு" என்று போர்டு மாட்டிக்கொண்டு, ராத்திரியில் ஆளை வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய் அடித்துத் திருத்துகிற இடங்கள் உண்டு. எங்கள் மாப்பிள்ளையையும் உறவினர் ஒருவர் இருபத்தோரு நாள் அப்படியொரு இடத்தில் போட்டு வைத்தார். அவர் அங்கே கற்றுக்கொண்டு வந்தது, சீசாவை எங்கே ஒளித்தால் தெரியாது என்பதுதான்.

சட்டம் போட்டால் தீருமா?

இதைச் சொன்னவுடன், "கடையை மூடிவிட்டால் தீர்ந்தது" என்பார் சிலர். நம்முடைய ஈ.வெ.ரா. 1921 வாக்கில், காங்கிரசில் இருந்த காலத்தில், தமது தோப்பில் 500க்கு மேற்பட்ட தென்னை மரங்களைக் கள்ளுக்கு உதவக்கூடாதென்று வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நின்றார்கள். அதே ஈ.வெ.ரா. பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, இரண்டும் நடந்தவை. சட்டமோ 1937இல் சேலத்தில் தொடங்கி, 1948இல் ராஜதானி முழுவதும் பரவி, 1971இல் எடுக்கப்பட்டு, மறுபடி வந்து, மறுபடி போய், 2003 முதல் சர்க்காரே கடையில் உட்கார்ந்து சீசா விற்கிறது. 2023–24ஆம் ஆண்டில் அதில் வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். கள்ளச்சாராயமும் ஒழியவில்லை: 2023 மே மாதம் மரக்காணத்திலும் நம்முடைய ஜில்லா சித்தாமூரிலும் இருபதுக்கு மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மெத்தனால் குடித்து மாண்டார்கள். கடை வேண்டுமா வேண்டாமா என்பதை வேறொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம். நான் கேட்பது, ஏற்கனவே நோயில் விழுந்துவிட்டவனை என்ன செய்வது என்பதுதான்.

2019இல் இந்திய சர்க்காருக்காக டில்லி எய்ம்ஸ் வைத்தியர்கள் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டார்கள். குடியால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் இந்நாட்டில் 5.7 கோடிப் பேர். குடிக்கே அடிமைப்பட்டுப் போனவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேர் எங்கே என்று கேட்டால், கயிற்றிலும், பொடியிலும், என்னைப் போன்ற மச்சான்மார்களின் பிரசங்கத்திலும் இருக்கிறார்கள்.

அறை தேடிப் போனது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை மறுபடியும் குடித்தார். தலையில் அடித்துக்கொண்டு வைத்தியரிடம் போனேன். அவர் கோபிக்கவில்லை. "உடம்பிலிருந்து குடியை இறக்குவது என் வேலை, ஒரு வாரத்தில் செய்துவிடலாம். இறங்கியது மறுபடி ஏறாமல் இருக்க வருஷக்கணக்காகும். மருந்தும் தருகிறேன், அதோடு ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர். குடியை விட நினைக்கிற குடிநோயாளிகள் பெயர் விலாசம் வெளியிடாமல் கூடிப் பேசுகிற சங்கம்.

தேடப் புறப்பட்டோம். முதல் தடவை, சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீசைப் பார்த்துக் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது, கூட்டம் இடம் மாறி ஒரு வருஷம் ஆகிறதென்று காவற்காரர் சொன்னார். இரண்டாம் தடவை கிழமை தவறிவிட்டது. திரும்பி வருகையில் மதுக்கடை எதிர்ப்பட்டது. "மச்சான், அதைத் தேட நாம ரெண்டு நாளா அலையறோம், இதைத் தேடவே வேண்டியதில்ல பாத்தீங்களா" என்றார் அவர். இதைவிடப் பெரிய பொருளாதாரப் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. மூன்றாம் தடவை, போனில் விசாரித்துக்கொண்டு போய், ரயில் பாதைக்கு மேற்கே ஒரு மாதா கோயிலின் பின்கட்டு அறையைக் கண்டுபிடித்தோம்.

உள்ளே பதினைந்து பேர் இருக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட். வெளியாரும் வந்து கேட்கலாம் என்கிற "திறந்த கூட்டம்" ஆனதால் என்னையும் உட்காரவைத்தார்கள். ஒருவர் எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் கதையைச் சொன்னார். குறுக்கே யாரும் பேசவில்லை, புத்தி சொல்லவில்லை, மானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அப்புறம் அடுத்தவர். அங்கே கேட்டதை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் அந்த அறைக்கு நாளை யாரும் வரமாட்டார்கள். சந்தா இல்லை, கடைசியில் ஒரு பை வந்தது, இஷ்டப்பட்டவர் போட்டார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1929 பிப்ரவரியில் இதோ பக்கத்துச் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தோம். அந்த அறையில் ஜாதி வாலை மட்டுமல்ல, தகப்பன் பெயர், ஊர், உத்தியோகம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். யார் முதலாளி, யார் கூலி, எவர் எந்தத் தெரு என்று ஒன்றரை மணி நேரம் எனக்குத் தெரியவில்லை. நம் மகாநாட்டுப் பந்தியில்கூடச் சில சமயம் தெரிந்துவிடுகிறது. (சிரிப்பு)

வெளியே வந்தவுடன் மாப்பிள்ளை கேட்டார்: "மச்சான், தொடக்கத்துல ஒரு பிரார்த்தனை சொன்னாங்களே. நீங்க வாயைத் திறக்கல. நான் சொன்னது தப்பா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. நம் தோழர்கள் சிலரும் அந்த வாரமே, "பிரசாரகர் மாதா கோயிலுக்குப் போகத் தொடங்கிவிட்டாராமே" என்று கேலி செய்தார்கள். ஆகையால் இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

கடவுள் அங்கே என்ன செய்கிறார்?

மறைக்காமல் சொல்லுகிறேன்: அச்சங்கத்தின் பன்னிரண்டு படிகளில் கடவுள் பல இடத்தில் வருகிறார். "நம்மைவிடப் பெரிய சக்தி" என்றும் வருகிறது. மனிதன் தன்னைச் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வதாகவும் வருகிறது. சுயமரியாதைக்காரன் காதுக்கு இது இனிமையாய் இராது. எனக்கு இன்றைக்கும் இனிமையாய் இல்லை. அவர்கள் ஆக்ஸ்போர்டு குரூப் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவர்களாதலால் அந்த வாசனை போகவில்லை.

ஆனால் அது பிறந்த கதையைப் பாருங்கள். 1935 மே மாதம், பில் வில்சன் என்கிற அமெரிக்கர் ஆக்ரன் என்னும் ஊருக்கு வியாபார விஷயமாகப் போனார். குடியை விட்டுச் சில மாதந்தான் ஆகியிருந்தது. வியாபாரம் தோற்றது. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுச்சாலையின் சிரிப்புச் சத்தம். அங்கே அவரைத் தடுத்தது வானத்திலிருந்து வந்த அசரீரியல்ல. டெலிபோன்! பாதிரிமார் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "என்னைப்போல் ஒரு குடிகாரனோடு பேசவேண்டும்" என்று கேட்டார். அப்படி அகப்பட்டவர் டாக்டர் பாப் ஸ்மித். குடிகாரன் குடிகாரனோடு மணிக்கணக்காகப் பேசினான்; இருவரும் தப்பினார்கள். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான் சங்கத்தின் பிறந்த நாளாகக் கொள்ளுகிறார்கள். இந்தியாவில் 1957இல் டில்லியில் தொடங்கிற்று.

அவர்கள் 1939இல் புத்தகம் அச்சிடுகையில் உள்ளேயே நம்மவர் ஒருவர் இருந்தார். ஜிம் பர்வெல் என்று பெயர். கடவுள் இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை பிடித்தவர். "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று விட்டுக்கொடுத்து எழுதவேண்டி வந்ததற்கு அவர் காரணம் என்று சங்கத்தாரே சொல்லுகிறார்கள். 1975இல் சிகாகோ நகரில் நாத்திகர்களுக்கென்றே ஒரு கூட்டம் ஏற்பட்டது. கானடா தேசத்து டொராண்டோவில் 2011இல் கடவுளை நீக்கிப் படிகளை எழுதிக்கொண்ட கூட்டங்களை ஊர்ப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். வழக்கு மனித உரிமை மன்றம் வரை போய், 2017இல் சமரசமாகி, மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே நாத்திகனுக்கு அங்கே நாற்காலி உண்டு. யாரோ சண்டை போட்டு வாங்கி வைத்த நாற்காலி.

பலன் உண்டா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், கேட்காதவன் பகுத்தறிவுவாதியல்ல. 2020இல் காக்ரேன் என்கிற சர்வதேச வைத்திய ஆராய்ச்சி நிறுவனம், 10,565 பேரைக் கொண்ட 27 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பரிசீலித்தது. நோயாளிகளை இந்தக் கூட்டங்களில் ஒழுங்காகச் சேர்த்துவிடுகிற முறை, அடியோடு குடிக்காமலிருப்பதில் மற்ற மனோவைத்திய முறைகளுக்குச் சமமாகவோ, சிலவற்றில் மேலாகவோ பலன் தருகிறதென்று கண்டது. எல்லோருக்கும் பலிக்கிறதென்று சொல்லவில்லை.

பலனுக்குக் காரணம் பிரார்த்தனை என்றால், ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். வருஷம் முழுவதும் குடிக்கிறவன் ஒரு மண்டலம் தொடுவதில்லை. பக்தர்கள் இதை ஐயப்பன் மகிமை என்கிறார்கள். நாம் வேஷம் என்கிறோம். இருவரும் பாதிதான் பார்க்கிறோம். "டேய்" என்று கூப்பிடப்பட்டவனை அந்த 48 நாளும் மேஸ்திரி முதல் பெண்சாதி வரை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். அதிகாலையில் எழுப்ப ஆள் இருக்கிறது. மாலையில் கூடி உட்கார இடமிருக்கிறது. தன்னைப்போலவே விட்ட பத்துப் பேர் பக்கத்தில் இருக்கிறார்கள். மரியாதையும் கூட்டுறவும் சேர்ந்து செய்த வேலையை ஐயப்பன் பற்றில் எழுதிவிடுகிறார்கள். மாலையைக் கழற்றிய அன்றே கூட்டம் கலைகிறது. அன்று மாலையே சீசா திறக்கிறது. நான் பார்த்த அந்த அறையில் நாற்பத்தொன்பதாம் நாளும் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

ஆயுத பூஜையன்று இந்தத் தாம்பரம் ரயிலுக்கு வாழைக்கன்று கட்டிக் குங்குமம் வைக்கிறார்கள். குங்குமத்தினாலா ரயில் ஓடுகிறது? மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்காகக் குங்குமம் வைத்த ரயிலில் ஏறமாட்டேன் என்று நான் எழும்பூருக்கு நடந்து போகிறேனா? இதைத்தான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். "உமக்கு வருகிற பிரார்த்தனையைச் சொல்லும், எனக்கு வராது, நான் சும்மா நிற்கிறேன். வியாழக்கிழமை தவறாமல் வாரும்" என்றேன்.

போக விரும்புகிறவர்களுக்கு

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுவர் நோட்டீசை நம்பி எங்களைப்போல் அலையாதீர்கள். ஏ.ஏ. இந்தியா என்று கைப்பேசியில் தேடினால் கூட்டங்களின் பட்டியலும் விசாரிக்க எண்ணும் அகப்படும். இடமும் கிழமையும் மாறுமாதலால் அன்றைக்கே போன் செய்து கேட்டுக்கொண்டு போகவேண்டும். மூன்று கேள்வி கேளுங்கள்: தமிழில் பேசுவார்களா, இங்கிலீஷிலா? திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா? வாசலில் எதிர்கொண்டு அழைக்க யாரேனும் இருப்பாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். முதல் நாள் வருகிறவன் வாசல்வரை வந்து திரும்பிவிடுவான். மாப்பிள்ளை இரண்டு தரம் செருப்பை மாட்டினார். முதல் அறை பிடிக்காவிட்டால் இன்னொரு அறைக்குப் போகலாம்; தாம்பரத்துக் கூட்டத்தில் சொந்தக்காரன் கண்ணில் படுவோமென்று பயமிருந்தால் நாலு ஸ்டேஷன் தள்ளிப் போகலாம். புதியவர்களுக்குத் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று சொல்லுவார்கள். கூலிக்காரனுக்கு அது முடியாது. வாரம் இரண்டு தவறாமல் போனால்கூட வித்தியாசம் தெரிகிறது.

வைத்தியத்துக்கு, அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; நமக்குத் தெற்கே செங்கற்பட்டு, வடக்கே கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரி அடையாற்றில் இந்திரா நகரில் இருக்கிறது. வேளச்சேரிக்குப் பஸ், அங்கிருந்து பறக்கும் ரயில். எங்கே போவதென்றே தெரியாதவர் 14446 என்கிற இந்திய சர்க்காரின் போதை விடுவிப்பு உதவி எண்ணையோ, 14416 என்கிற மனநல உதவி எண்ணையோ கூப்பிடலாம், காசு இல்லை. கூட்டத்தில் யாராவது "வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்து" என்றால் கேட்காதீர்கள். அது அந்தச் சங்கத்தின் வேலையே அல்ல.

தாய்மார்களுக்கு ஒன்று. அல்-அனான் என்று குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே தனிக் கூட்டம் உண்டு; பில் வில்சனுடைய மனைவி லோயிஸ் 1951இல் ஏற்படுத்தியது. புருஷன் விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். என் தங்கை முதலில், "குடிக்கிறது அவரு, கூட்டத்துக்கு நான் எதுக்குண்ணே?" என்றாள். நாலு வாரம் கழித்து அவள் செய்த முதல் காரியம், மாப்பிள்ளை வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று பொய் சொல்லுவதை நிறுத்தியதுதான். அடிக்கிற புருஷனோடு இருந்துகொண்டு கூட்டத்துக்கு மட்டும் போனால் போதுமென்று நான் சொல்லவில்லை. அடிக்குச் சட்டமும் போலீசும் இருக்கின்றன. பெண்களே குடிநோய்க்கு ஆளாவதும் உண்டு. ஆணுக்கு வியாதி, பெண்ணுக்கு மட்டும் ஒழுக்கக்கேடு என்று பேசுகிற மனுதர்மத்தை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் ஏன் வெளியே வருவதில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

எங்கள் மாப்பிள்ளை கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகும் இரண்டு தரம் விழுந்தார். கடைசித் தரம் விழுந்து ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. போன மாதம் நான் அவரைக் கேட்டேன், அன்று நாலு பேர் நடுவில் நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று. "இருக்குது மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

நம் இயக்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகிறேன். மாதா கோயில்காரர் பின்கட்டைக் கொடுத்தார். நாம் அவரைக் கேலி செய்தோம். நம்மிடமும் படிப்பகங்கள் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு மேல் பத்திரிகை படிக்கிறவர்கூட இல்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் ஒரு மாலை அதைத் திறந்து, பிரார்த்தனை இல்லாமல், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும்படி விட்டால் என்ன? 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்பது போலக் கடவுள் பேச்சே இல்லாமல் நடக்கிற முறைகளும் இருக்கின்றன, பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். படம் மாட்டவேண்டாம், பிரசங்கம் வேண்டாம், முக்கியமாக என்னைப் பேசக் கூப்பிட வேண்டாம். (சிரிப்பு, கைதட்டல்) டீக்கும் பிஸ்கட்டுக்கும் ஆகிற செலவை நான் தருகிறேன். செயலாளரவர்கள் சாவி விஷயத்தை இன்றே தீர்மானித்துச் சொன்னால் நல்லது.

அதுவரையில், வருகிற வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ரயிலடி மேற்குப் பக்கம் படிக்கட்டுக்குக் கீழே நானும் மாப்பிள்ளையும் நிற்போம். கூட வர நினைப்பவர் வரலாம். பெயர் சொல்லவேண்டியதில்லை.

(பின்னர் சபையோர் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்தார். படிப்பகத்தை வாரம் ஒரு மாலை திறந்துவிடச் செயலாளர் சம்மதித்தார்.)